அமெரிக்க அதிபர் போட்ட ஆணையைப் படிப்பது எப்படி?

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி, இறால் ஏற்றுமதி செய்யும் எங்கள் பார்ட்டி (வாடிக்கையாளர்) ஒருவருக்குத் தண்டச் செலவு வைத்தேன். இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 26 சதவீத வரி, 9-ம் தேதிக்குள் அங்கே போய்ச் சேராத எல்லாவற்றுக்கும் உண்டு என்று அதில் போட்டிருந்தது. சென்னையில் ஏற்றினால் போய்ச் சேர ஒரு மாதமாவது ஆகும். "புக்கிங்கை கேன்சல் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டேன். ரீஃபர் கண்டெய்னர் (கரண்டில் ஓடும் குளிர்பெட்டி) பாதி வழியிலிருந்து திரும்பியது. லாரி வாடகை, ப்ளக் போட்டு வைத்த கரண்ட் காசு எல்லாம் அவர் தலையில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் ஆணையின் முழு வாசகத்தைப் படித்தேன். 9-ம் தேதிக்கு முன்னால் கப்பலில் ஏற்றிக் கிளம்பிவிட்ட சரக்குக்கு அந்த வரி கிடையாது என்று உள்ளேயே எழுதியிருந்தது. அதற்குமேல் கொடுமை, அந்த 9-ம் தேதியே டிரம்ப் பெரும்பாலான நாடுகளுக்கு அதை 90 நாள் தள்ளிவைத்துவிட்டார், 10 சதவீதத்தை மட்டும் விட்டுவைத்து. பார்ட்டி நல்ல மனுஷர். "பரவால்லம்மா, அடுத்த தபா படிச்சிட்டுச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து படிக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் மண்ணடியில், இரண்டாவது மாடி. ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டுக் கொடுக்கும் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று 26 வருஷம் ஓடிவிட்டது. புதிதாகச் சேர்ந்த கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் ஆகஸ்ட்டில் கேட்டான்: "அக்கா, ஒரு ஆள் ஒரு கையெழுத்துப் போட்டா நம்ம இறாலுக்கு 50 பர்சென்ட்டா? அவரை யாரும் கேக்க மாட்டாங்களா?" அவனுக்கு ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்தால் அடுத்த ஆணை வரும்போது நீங்களே எடுத்துப் படிக்கலாம். டி.வி.யில் வட்டமேசை போட்டுக் கத்துகிறவர்களை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வரியை விடாதீர்கள்

நம் ஊர் கஸ்டம்ஸ் நோட்டிஃபிகேஷன் எப்படி ஆரம்பிக்கும்? "1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 25-வது பிரிவின் முதல் உட்பிரிவு வழங்கிய அதிகாரத்தைக் கொண்டு..." என்று. பல பேர் அதைத் தாண்டி நேரே சதவீதத்துக்குப் போவார்கள். வேலை தெரிந்தவர்கள் முதலில் பிரிவு எண்ணைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பிரிவில் இல்லாததை அந்த நோட்டிஃபிகேஷன் செய்ய முடியாது.

அமெரிக்க அதிபரின் ஆணையும் அதே ஜாதிதான். அரசியல் சாசனமும் நாட்டின் சட்டங்களும் அதிபராகிய எனக்குத் தந்திருக்கும் அதிகாரத்தின்படி, இன்னின்ன சட்டம் உட்பட, என்று ஆரம்பிக்கும். அந்த 'இன்னின்ன சட்டம்' எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் சாசனத்தில் வரி போடுகிற அதிகாரம், வெளிநாட்டு வியாபாரத்தை ஒழுங்குபடுத்துகிற அதிகாரம், போர் அறிவிக்கிற அதிகாரம் எல்லாமே முதல் அத்தியாயத்தில், காங்கிரஸின் கையில் இருக்கிறது. (சத்தியமூர்த்தி பவன் காங்கிரஸ் இல்லை, அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு அந்தப் பெயர்.) அதிபருக்கான இரண்டாவது அத்தியாயம் சின்னது. நிர்வாக அதிகாரம் அவருக்கு, படைகளுக்கு அவரே தலைமைத் தளபதி, சட்டங்கள் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும், இப்படிக் கொஞ்சம்தான்.

ஆக வரி விஷயத்தில் அதிபர் கையில் இருப்பது கைமாற்றாக வாங்கிய அதிகாரம். எப்போது வாங்கினார், என்ன சொல்லி வாங்கினார், திருப்பிக் கொடுத்தாரா? ஒரு ஆணையைப் பார்த்ததும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

முதல் வரியில் எந்தச் சட்டத்தின் பெயரும் இல்லாமல் 'அதிபர், தலைமைத் தளபதி என்ற முறையில்' என்று மட்டும் இருந்தால், உடனே நிமிர்ந்து உட்காருங்கள். கையில் சீட்டு இல்லாமல் கேட்டுக்குள் நுழையப் பார்க்கிறார் என்று அர்த்தம். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சட்டத்தின் வயதைப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போயிருப்பீர்கள். கடைக்காரர் கூட்டத்துக்காகப் பத்து நாள் மட்டும் என்று பிளாட்பாரத்தின் மேல் ஒரு தார்ப்பாய் இழுத்துக் கட்டுவார். தீபாவளி போகும், தார்ப்பாய் போகாது. மழைக்கு ஒழுகுகிறது என்று அடுத்த வருஷம் தகரமாகும். தகரத்துக்குக் கீழே ஒரு மேசை வரும், மேசைக்கு ஒரு ஃபேன். கேட்டால், "இது எங்க அப்பா காலத்திலிருந்தே இருக்கே" என்பார் மகன்.

நம் இறால் மேல் வந்து விழுந்த சட்டத்தின் கதையும் இதேதான்.

1917. முதல் உலகப் போர், வில்சன் அதிபர். எதிரி நாட்டோடு வியாபாரம் செய்வதைத் தடுக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போடுகிறது. போர்க்காலத்துக்கு மட்டும்.

1933 மார்ச் 4. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்கிறார். ஊரெல்லாம் பேங்க் வாசலில் பணம் எடுக்கக் கூட்டம், பேங்குகள் சாய்கின்றன. 6-ம் தேதி, நாடு முழுக்க எல்லா பேங்குக்கும் விடுமுறை என்று பிரகடனம் போடுகிறார். எந்தச் சட்டத்தின் கீழ்? அந்த 1917 சட்டத்தின் கீழ். போரே இல்லை, எதிரியும் இல்லை! மூன்றே நாளில், 9-ம் தேதி, காங்கிரஸ் கூடி அவர் செய்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, சட்டத்தையும் திருத்தியது. இனிமேல் போர் வேண்டாம், அதிபர் 'தேசிய நெருக்கடி' என்று அறிவித்தாலே போதும். தார்ப்பாய் தகரமானது அன்றைக்குத்தான். பேங்குகள் பிழைத்தன, ஜனங்களுக்கு நிம்மதி, யாரும் கேள்வி கேட்கவில்லை. நல்ல காரியத்துக்காகப் போட்ட தகரத்தை யார் எடுக்கச் சொல்வார்கள்?

1971 ஆகஸ்ட் 15. நம் ஊரில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த நாள். அங்கே நிக்ஸன் நெருக்கடி நிலை அறிவித்து, வரி உள்ள இறக்குமதிகள் மேல் 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார். டிசம்பரில் எடுத்தும்விட்டார். ஆனால் அதற்குள் ஜிப் இறக்குமதி செய்த ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. ஆமாம், பேன்ட்டில் வைக்கிற ஜிப். அரசாங்க வக்கீல் கோர்ட்டில் எடுத்து நீட்டிய சட்டம் எது தெரியுமா? அதே 1917. அதில் 'இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம்' என்று வருகிறதே, வரி போடுவதும் ஒழுங்குபடுத்துவதுதானே என்று வாதம். கீழ்க்கோர்ட் ஒப்பவில்லை. மேல்முறையீட்டில் 1975-ல் அரசு ஜெயித்தது. நிக்ஸன் ஆணையிடும்போது அந்தச் சட்டத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை, வழக்கு வந்த பிறகுதான் தேடி எடுத்தார்கள் என்பது இதில் எனக்குப் பிடித்த இடம். சரக்கு போன பிறகு லைசென்ஸ் தேடுவது போல.

அதே சமயம் காங்கிரஸின் மேல்சபையான செனட்டில் ஒரு கமிட்டி தூசி தட்டிப் பார்த்தது. 1933-ல் ரூஸ்வெல்ட் அறிவித்த நெருக்கடி நிலை 1973-லும் அமலில் இருந்தது! 1950-ல் கொரியப் போருக்கு ட்ரூமன் போட்டது, 1970-ல் தபால்காரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நிக்ஸன் போட்டது, 1971-ல் அவரே போட்டது, எல்லாம் சேர்ந்து நான்கு. அவற்றை வைத்து அதிபர் பயன்படுத்தக்கூடிய சட்டப் பிரிவுகள் 470. நிக்ஸனை மாட்டிவிட்ட வாட்டர்கேட் ஒட்டுக்கேட்பு விவகாரத்தின் சூடும் சேர்ந்துகொள்ள, காங்கிரஸ் மாநகராட்சி லாரியோடு வந்து இறங்கியது. 1973-ல் போர் அதிகாரத் தீர்மானம், 1974-ல் ஒதுக்கிய பணத்தை அதிபர் பிடித்துவைக்கத் தடை, 1976-ல் தேசிய நெருக்கடிகள் சட்டம், 1977-ல் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம்.

கடைசியாகச் சொன்னதை எங்கள் ஆபீஸில் '77 சட்டம்' என்போம், முழுப் பெயர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். 1917 சட்டத்தை மறுபடி போர்க்காலத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, அமைதிக்காலத்துக்கு இது. வெளிநாட்டிலிருந்து வரும் வழக்கத்துக்கு மாறான, அசாதாரண அச்சுறுத்தல் இருந்தால்தான் தொடலாம் என்று பூட்டுப் போட்டார்கள். ஆனால் பழைய சட்டத்தின் வாசகத்தை அப்படியே தூக்கிப் போட்டதில், 'இறக்குமதியை ஒழுங்குபடுத்த' என்பதும் கூடவே வந்துவிட்டது. வரி, தீர்வை என்ற சொல் அந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை. 48 வருஷம் எந்த அதிபரும் அதை வைத்து வரி போட்டதில்லை. 2025-ல் போட்டார்கள்.

இன்னொன்று கவனியுங்கள். இந்தியா மேல் ஆகஸ்ட்டில் இரண்டாவதாக வந்த 25 சதவீதம், நாம் ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக வந்தது. அந்த ஆணை எந்த நெருக்கடியின் மேல் நிற்கிறது என்று பார்த்தால், உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் பைடன் ரஷ்ய எண்ணெய்க்குத் தடை போட்ட ஆணையின் மேல். ஒரு கட்சிக்காரர் கட்டிய தகரத்தில் இன்னொரு கட்சிக்காரர் மின்விசிறி மாட்டினார். அதனால்தான் பையனிடம் சொன்னேன், "டிரம்ப் நல்லவரா கெட்டவரான்னு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஆணியை யார் அடிச்சதுன்னு பாரு."

'நெருக்கடி நிலை' என்றதும் மிசாவை நினைக்காதீர்கள்

நம் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு கனம். 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த இரவைப் பற்றி அப்பா சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார், வீட்டுக்குள்ளேயே. அமெரிக்காவில் தேசிய நெருக்கடி நிலை என்பது பெரும்பாலும் ஃபைல் சமாசாரம். இன்னாருடைய பேங்க் கணக்கை முடக்கு, இன்ன நாட்டோடு வியாபாரத்தை நிறுத்து என்பது மாதிரி. ஒரே நேரத்தில் 40-க்கும் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் பிடித்தபோது, 1979 நவம்பர் 14-ல் கார்ட்டர் அறிவித்ததை இன்றுவரை வருஷா வருஷம் நீட்டிக்கொண்டே வருகிறார்கள். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

நம் அவசரச் சட்டத்தோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே குடியரசுத் தலைவர் 123-வது பிரிவின் கீழ் அவசரச் சட்டம் போட்டால், நாடாளுமன்றம் மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் ஒப்பவில்லை என்றால் தானாகக் காலாவதி. அமெரிக்க நிர்வாக ஆணை அப்படிப்பட்ட சட்டமே இல்லை. நம் கோட்டையிலிருந்து வரும் ஜி.ஓ. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வந்தால் ஒரு கையெழுத்தில் கிழிக்கலாம். 2025 ஜனவரி 20-ல் டிரம்ப் பதவியேற்ற அன்றே பைடனின் 78 ஆணைகளைக் கிழித்தார்.

பச்சை, சிவப்பு, நடுவில் ஒரு மங்கல்

இப்போது அந்தச் சீட்டில்லாத கதை.

1952 ஏப்ரல் 8. கொரியாவில் போர். (அதைக்கூடக் காங்கிரஸ் முறைப்படி அறிவிக்கவில்லை. 1942-க்குப் பிறகு அமெரிக்கா முறைப்படி எந்தப் போரையும் அறிவித்ததே இல்லை, எத்தனை சண்டை போட்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.) எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கப் போகிறார்கள். எஃகு இல்லாமல் குண்டு இல்லை. அன்று இரவு ட்ரூமன் ரேடியோவிலும் டி.வி.யிலும் பேசி, நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசாங்கமே எடுத்து நடத்த வணிகத் துறைச் செயலருக்கு உத்தரவிட்டார். ஆணையின் முதல் வரியில் அரசியல் சாசனம், சட்டங்கள், அதிபர், தலைமைத் தளபதி. குறிப்பிட்ட சட்டத்தின் பெயர் கிடையாது. போதாக்குறைக்கு, 1947-ல் தொழிலாளர் சட்டம் போடும்போது இப்படி ஆலையை எடுக்கும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுக்கலாமா என்று காங்கிரஸே பேசிப் பார்த்து வேண்டாம் என்று விட்டிருந்தது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 2-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று ட்ரூமனுக்கு எதிராகச் சொன்னது. ஆலைகள் முதலாளிகளிடம் திரும்பின.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி ராபர்ட் ஜாக்ஸன் தனியாக எழுதிய பகுதியைத்தான் இன்றுவரை எல்லோரும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அவர் முன்பு ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமை வக்கீலாக) இருந்து அதிபர் பக்கம் வாதாடியவர், அதனால் இரண்டு பக்கத்து வித்தையும் தெரியும். மூன்று நிலைகளாகப் பிரித்தார். ஏர்போர்ட் கஸ்டம்ஸை நினைத்துக்கொண்டால் சுலபம். காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தோடு அதிபர் செய்தால் பச்சை வழி, அவர் கை ஓங்கியிருக்கும். காங்கிரஸ் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தால் சிவப்பு, அவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். காங்கிரஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்றால் நடுவில் ஒரு மங்கல் பகுதி. அந்தி நேரம் என்பது போலத்தான் அவரும் ஒரு சொல்லைப் போட்டார்.

அமெரிக்க அதிபர்களின் அதிகாரம் வளர்ந்ததெல்லாம் அந்த மங்கலில்தான் என்பது என் அபிப்பிராயம். சிவப்பில் நுழைந்தவர்கள் ட்ரூமன் மாதிரி மாட்டிக்கொண்டார்கள். மங்கலில் நுழைந்தவர்கள், யாரும் கத்தாததால் அதையே பச்சையாக்கிக்கொண்டார்கள். கேரம் கிளப்பில் இது தினம் நடக்கும். லைன் தொடாமல் அடித்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் அதுவே ரூல். "போன தபா விட்டீங்கல்ல?" என்பான். அதே வழக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற இன்னொரு நீதிபதி இதையே கௌரவமான பாஷையில் எழுதினார். காங்கிரஸுக்குத் தெரிந்தே, யாரும் ஆட்சேபிக்காமல், விடாமல் நடந்துவந்த வழக்கம் சாசனத்துக்கே ஒரு விளக்கவுரை மாதிரி ஆகிவிடலாம் என்று.

ஆகவே ஒரு ஆணையைப் படித்ததும் பென்சிலால் ஓரத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள்: ப, ம, சி. அரசாங்கம் எப்போதும் ப என்றுதான் சொல்லும். கோர்ட்டில் சண்டையே அது ப-வா சி-யா என்பதுதான்.

தலைப்பில் ஏமாறாதீர்கள்

'நிர்வாக ஆணை' என்று தலைப்பு இருந்தால்தான் பெரிய விஷயம் என்று கிடையாது. வாஷிங்டன் எட்டு வருஷத்தில் போட்ட ஆணைகள் எட்டு. ஆனால் 1793-ல் பிரிட்டன்-பிரான்ஸ் சண்டையில் நாங்கள் நடுநிலை என்று அவர் விட்ட ஒரு பிரகடனம், வெளிவிவகாரத்தை யார் பார்ப்பது என்ற சண்டையை சாசனத்தை உருவாக்கியவர்களில் இருவரான ஹாமில்டனுக்கும் மேடிசனுக்கும் நடுவே கிளப்பிவிட்டது. அது இன்றும் முடியவில்லை. லிங்கன் அடிமைகளை விடுவித்ததும் பிரகடனம்தான். சின்ன வயதில் அமெரிக்கா வந்தவர்களை நாடு கடத்தாமல் விட ஒபாமா காலத்தில் 2012-ல் செய்த ஏற்பாடு வெறும் துறைக் குறிப்பாணை.

எண்ணிக்கையும் அப்படித்தான். ரூஸ்வெல்ட் 12 வருஷத்தில் 3,700-க்கு மேல் போட்டார். அதில் பாதி யாருக்கும் ஞாபகமில்லாத ஆபீஸ் விஷயம். ஒன்றே ஒன்று, 1942 பிப்ரவரி 19-ல் போட்ட 9066, சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சத்தவரை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தது. பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆணையில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது, 'ராணுவப் பகுதிகள்' என்றுதான் இருக்கும். அதை 1944-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. கோர்ட் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்று பையன் சொன்னபோது இதைத்தான் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

கணக்கைக் கொண்டுவந்து காட்டினாரா?

லிங்கனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது காங்கிரஸ் கூடியிருக்கவில்லை. ஜூலை 4-க்குத்தான் கூட்டினார். நடுவில் சுமார் மூன்று மாதம். அதற்குள் தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டார், படையைப் பெருக்கினார், ஒதுக்காத பணத்தைச் செலவழித்தார், விசாரணையில்லாமல் அடைத்து வைக்க வசதியாக ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தினார். அது காங்கிரஸின் அதிகாரம், உன்னுடையது இல்லை என்று தலைமை நீதிபதி டேனி எழுதியதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலையில் காங்கிரஸ் முன்னால் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று எழுதி வைத்தார், பின்னேற்பு கேட்டார். ஆகஸ்ட்டில் ராணுவம் தொடர்பான செயல்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. 1863-ல் ஆட்கொணர்வை நிறுத்தும் அதிகாரத்தைச் சட்டமாகவே கொடுத்தார்கள். அவசரத்துக்குக் கல்லாவில் கை வைத்தவர், முதலாளி வந்ததும் நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

பிற்காலத்தில் அந்த நோட்டுதான் காணாமல் போனது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு காங்கிரஸ் கொடுத்த படைப் பயன்பாட்டு அனுமதியின் மையப்பகுதி ஆங்கிலத்தில் 60 வார்த்தை. கீழ்சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே ஒருவர், பார்பரா லீ. அந்த 60 வார்த்தையை வைத்து மூன்று நான்கு அதிபர்கள் ஆப்கானிஸ்தானுக்கு வெகு தூரத்தில் இருக்கும் நாடுகளிலும் சண்டை நடத்தினார்கள்.

ஏன் காங்கிரஸ் திருப்பி வாங்கவில்லை?

இங்கே ஒரு நம்மவர் வருகிறார். ஜகதீஷ் ராய் சாதா. இந்திய வம்சாவளி, கென்யாவில் பிறந்தவர், படிக்க அமெரிக்கா போனார், விசா முடிந்தது. குடியேற்ற நீதிபதி, பாவம் இருக்கட்டும் என்றார். கீழ்சபை மட்டும் தனியாகத் தீர்மானம் போட்டு, இல்லை அனுப்பு என்றது. அந்தக் காலச் சட்டங்கள் பலவற்றில் காங்கிரஸ் இப்படி ஒரு கயிற்றைத் தன் கையில் வைத்திருந்தது: அதிகாரத்தைக் கொடுப்போம், பிடிக்காவிட்டால் அதிபர் கையெழுத்தே இல்லாமல் இழுத்துக்கொள்வோம். சாதா வழக்குப் போட்டார். 1983-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கயிறு சாசனத்துக்கு விரோதம் என்று அறுத்துவிட்டது. சாதாவுக்கு நல்லதாகப் போயிற்று. ஆனால் 1976 நெருக்கடிச் சட்டத்தில் இருந்த கயிறும் அதோடு போனது.

இப்போது ஒரு நெருக்கடி நிலையை முடிக்க இரு சபையும் தீர்மானம் போட்டு, அதிபரிடமே கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். தன் தகரத்தைப் பிரிக்கத் தானே யார் கையெழுத்துப் போடுவார்? 2019-ல் மெக்ஸிகோ எல்லைச் சுவருக்கு டிரம்ப் நெருக்கடி அறிவித்தபோது இரு சபையும் வேண்டாம் என்றன. மார்ச் 15-ல் அந்தத் தீர்மானத்தை அவர் ரத்து செய்தார், அவருடைய முதல் வீட்டோ அதுதான். அதைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை. கொடுக்கப் பாதி ஓட்டு, திருப்பி வாங்க மூன்றில் இரண்டு. வட்டிக் கடைக்காரர்கூட இப்படிப் பத்திரம் எழுத மாட்டார்.

சில சட்டங்களில் மட்டும் காலக்கெடு உள்ளேயே இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போர் அதிகாரத் தீர்மானத்தில் 60 நாள். 1974 வர்த்தகச் சட்டத்தின் 122-வது பிரிவில் அதிகபட்சம் 15 சதவீதம், 150 நாள். கெடு இருக்கிற சட்டத்தை விட்டுவிட்டுக் கெடு இல்லாத சட்டத்தை ஒருவர் எடுக்கிறார் என்றால் அதற்கும் காரணம் இருக்கும்.

கடைசிப் பக்கம்வரை போங்கள்

ஏப்ரலில் நான் கோட்டை விட்டது இங்கேதான். ஆகஸ்ட் 6-ல் வந்த ரஷ்ய எண்ணெய் ஆணையைப் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்துப் படித்தேன். 21 நாள் கழித்து அமல். அதாவது ஆகஸ்ட் 27, அவர்கள் கிழக்குக் கரை நேரம் நள்ளிரவு 12.01. நமக்குக் காலை 9.31. அதற்கு முன் கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே கஸ்டம்ஸில் நுழைந்துவிட்டால் இந்த இரண்டாவது 25 கிடையாது.

உடனே பார்ட்டிக்குப் போன் போட்டேன். "ஐயா, இந்தத் தடவை முழுசாப் படிச்சிட்டேன். உங்க பெட்டி 8-ம் தேதிக் கப்பலைப் பிடிக்கணும்." எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசை வழக்கம்போல நின்றது. டிரைவர் அண்ணன் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு நாலு தடவை போன். ஆணையில் 'இறுதிப் போக்குவரத்து' என்று ஒரு சொல் வேறு. நம் பெட்டி கொழும்பில் கப்பல் மாறும், அப்படியானால் இறுதி எது? அங்கே சரக்கை வாங்குகிறவரின் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்தேன். அந்தப் பெட்டி தப்பியது. அடுத்தது தப்பவில்லை. வரி கட்டுவது என்னவோ அமெரிக்க இறக்குமதியாளர்தான், ஆனால் "விலையைக் குறை" என்ற மெயில் வருவது காசிமேட்டுக்கு இந்தப் பக்கம்.

கோர்ட் விஷயமும் கடைசிப் பக்கத்தோடு சேர்ந்ததுதான். சர்வதேச வர்த்தக நீதிமன்றம் மே 28-லேயே 77 சட்டம் இந்த வரிகளைத் தாங்காது என்றது. ஆகஸ்ட் 29-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7-க்கு 4 என்று அதையே சொன்னது. ஆனால் இறுதித் தீர்ப்பு வரும்வரை வசூல் நிற்கவில்லை. 'டிரம்புக்குத் தோல்வி' என்ற தலைப்பைப் பார்த்துப் பாயசம் வைக்க வேண்டாம், 'நிறுத்திவைப்பு' என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். பைடன் 2003 சட்டம் ஒன்றை வைத்துச் சுமார் 400 பில்லியன் டாலர் கல்விக் கடனைத் தள்ளப் பார்த்து, 2023-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தடுத்ததையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய விஷயத்துக்குக் காங்கிரஸ் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் வாதம். நவம்பர் 5-ல் வரி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோதும் அதே 'ஒழுங்குபடுத்த', அதே ஜிப் வழக்கு, எல்லாம் மறுபடி மேசைக்கு வந்தன. 2025 நவம்பரில் இதை எழுதும்போது தீர்ப்பு வரவில்லை. (பிறகு 2026 பிப்ரவரி 20-ல் வந்தது: 77 சட்டத்தில் வரி போட இடமில்லை என்று, 6-க்கு 3.)

போன வாரம் பையன் ஒரு தாளோடு வந்தான். அவனே டவுன்லோடு செய்து, முதல் வரிக்கு மஞ்சள் பூசி, ஓரத்தில் 'ப' போட்டிருந்தான். ஈரான் நெருக்கடி நிலையை இன்னொரு வருஷத்துக்கு நீட்டித்த அறிவிப்பு. "46 வருஷம்கா. எங்கம்மாவே அப்ப பொறக்கல."

"நம்ம பார்ட்டிக்குச் சம்பந்தம் இருக்கா?"

"இல்லக்கா."

"ஃபைல்ல போடு. டீ சொல்லிட்டு வா."